இரைச்சல் இல்லாத பாதை

இன்று மதியம் போடிமெட்டிலிருந்து சாமான்கள் இறங்கின. ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் உங்கள் ரிசீவர்.

மூடியை நெம்பியதும் ஏலக்காய் வாசனை. மலை மேல் நிலையத்துக்கு இனி ஆள் கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் பேசும் கருவி எதற்கு என்று கழற்றி சாந்தன்பாறைக்கு, என்னிடமே அனுப்பிவிட்டார்கள். கறுப்பு ரிசீவர். காதில் வைக்கும் பக்கம் தேய்ந்து மினுங்குகிறது. பேசும் பக்கத்து ஓட்டைகளில், ஏலக்காய் உலர்த்துகிற பக்கத்து எஸ்டேட் ஸ்டோரின் புகையும் மணமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு மழைக்காலம் கழிந்தும் போகவில்லை.

காதில் வைத்தேன். எதனோடும் இணைக்காத ரிசீவர். ஒன்றும் கேட்காது என்று தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அண்ணா, நம்மை அறிமுகம் செய்தது வெயில்தான். நினைவிருக்கிறதா?

மாசி மாதம். நான் இங்கே, டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மொட்டைமாடியில். நீங்கள் போடிமெட்டுக்கு மேலே, டவர் நடப்போகும் பாறையில். நடுவில் மலை மடிப்புகள், ஏலத் தோட்டங்கள். உங்களை நான் அதுவரை பார்த்ததில்லை. உங்கள் கையில் வட்டமான சவரக் கண்ணாடி. அதில் வெயிலைப் பிடித்து என் பக்கம் திருப்ப வேண்டும். மினுக்கல் எனக்குத் தெரிந்தால் டவருக்கு அந்தப் பாறை. தெரியாவிட்டால் வேறு பாறை தேட வேண்டும்.

தெரிந்தது. தூரத்துப் பச்சையின் மேல் ஒரு கடுகு வெளிச்சம். அணைந்து அணைந்து எரிந்தது. உங்கள் முகத்துக்கு முன்பு நான் பார்த்தது அதைத்தான்.

அதுவரை இந்த மலையில் பேச்சு கம்பி வழியாகப் போனது. மழை வந்தால் மண் சரியும், மண்ணோடு கம்பமும் சரியும். ஒரு ட்ரங்க் கால் கிடைக்க எஸ்டேட் ரைட்டர்கள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள். யு.எச்.எஃப். ரேடியோ வந்தால் கம்பம் வேண்டாம். இரண்டு முழத்துக்குள் அடங்கும் சின்ன அலை. கீழே போடியிலிருந்து எழும்பி உங்கள் டவரைத் தொடும். உங்கள் நிலையம் அதைக் கேட்டு, புதுத் தெம்பு கொடுத்து, என் பக்கம் அனுப்பும். ஒரு மலை கேட்டதை இன்னொரு மலைக்குச் சொல்லும். அவ்வளவுதான் ரிப்பீட்டர்.

ஒரே நிபந்தனை. அந்த அலை மலையைச் சுற்றி வளையாது. மண்ணோடு ஊர்ந்தும் வராது. நேராகப் போகும். ஒரு முனைக்கு மறுமுனை தெரிய வேண்டும்.

கல்லூரியில் நான் இதை இரண்டு பக்கக் கணக்காகப் படித்தேன். நீங்கள் சொன்னது சின்னது.

"பாத்தாத்தானுங்க பேசும்."

*

கருவியைப் பராமரிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனிச் சேனல் உண்டு. இரு முனையிலும் ஒரு ரிசீவர், ஒரு சின்ன ஸ்பீக்கர். காலையில் எழுந்ததும் நான் கேட்கும் முதல் குரல் உங்களுடையது.

"ஏனுங்க எம்மெஸ்ஸி, எந்திரிச்சாச்சுங்களா? மீட்டர் சொல்லுங்க."

மீட்டர் என்றால், வந்து சேரும் அலையின் பலம். என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இயற்பியலில் நான் வாங்கிய பட்டம்தான் உங்களுக்கு என் பெயர். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் நெல் விதைக்கிற குடும்பத்திலிருந்து டிப்ளமா படித்து வந்தவர் நீங்கள். கல்பாத்தியிலிருந்து வந்தவன் நான். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே ஒரு பஸ். அங்கே இருந்தவரை நாம் சந்தித்ததில்லை. இன்னொரு எல்லைக்கு வந்து, ஒரு மலையும் ஒரு பள்ளமும் நடுவில் வைத்துப் பழகினோம்.

"நீங்க பேசறது தமிழுங்களா, மலையாளமுங்களா?"

"கல்பாத்தித் தமிழாக்கும்."

"அதானே பாத்தன். நடுவுல ஒரு ரிப்பீட்டர் வெச்சாத்தான் எனக்கு வெளங்கும்போல."

நேரில் பார்த்துக்கொண்டது கொஞ்சம். மாதத்தில் ஒருமுறை பஸ்ஸில் நான் மேலே வருவேன். நீங்கள் கடுங்காப்பி போட்டுத் தருவீர்கள். நேரில் நமக்குப் பேச்சு ஓடவில்லை. நீங்கள் டவரைப் பார்ப்பீர்கள், நான் மூடுபனியைப் பார்ப்பேன். திரும்பி வந்து ரிசீவரை எடுத்ததும் இருவருக்கும் வாய் திறக்கும். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

நம் தலைக்கு மேல் ஊர் பேசிக்கொண்டு போனது. ஏலக்காய் விலை. டாக்டர் இருக்கிறாரா. மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருகிறார்கள். சேனல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது துண்டு துண்டாகக் காதில் விழும். முழுக்க நாம் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. ஒரு பேச்சு மட்டும் முழுவதும் நமக்காக வந்தது. வைகாசியில், உங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூரிலிருந்து, பிரசவச் செய்தியோடு உங்கள் மைத்துனர் கூப்பிட்டார். நான்தான் இணைப்புக் கொடுத்தேன். பேசி முடித்ததும் சேனலுக்கு வந்தீர்கள்.

"பொண்ணுங்க!"

என் மேசையில் குரலின் அளவு காட்டும் முள் கடைசி வரை போய் முட்டி நின்றது. உங்கள் குரலுக்கு அது அப்படிப் போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

*

அதன் பிறகு உங்கள் மழைக்காலத்துக்கு ஒரே அர்த்தம் இருந்தது.

அலையின் பாதை ஒரு மழைக்காலம் முழுக்க அறுபடாமல் நின்றால் நிலையத்தை ஆள் இல்லாமல் ஓடவிடலாம் என்று இலாகா முடிவு செய்திருந்தது. ஆவணி முடியும்வரை சோதனை. அதில் தேறினால் உங்களுக்குப் பாலக்காட்டில் வேலை. இன்ஜினியர் வாய்விட்டே சொல்லியிருந்தார். நடுவில் ஆள் மாறினால் கடைசியில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த இடம். மகளைப் பார்க்க லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஒருநா பாத்துட்டு மறுக்கா மலையேறறதுக்கு, ஒரேயடியா எறங்கிக்கலாமுங்க. ஊட்டுல இருந்தே டூட்டிக்குப் போறாப்புல."

ஆனி பிறந்தது. மழை வலுத்தது. பாதையில் இரைச்சல் வந்தது.

முதலில் மெல்லிய ஸ்ஸ். பிறகு அரிசி களைகிற சத்தம். சில மதியங்களில் உங்கள் குரல் அதற்குள் மூழ்கி எழுந்தது. ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தீர்கள். கேபிளைச் சோதித்தீர்கள். குறை அங்கே இல்லை. எஸ்டேட் கங்காணி ஒருநாள் டவர் அடியில் மழைக்கு ஒதுங்கி, நீங்கள் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரித்தார். அதை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள்.

"மாசியில மொட்ட மரத்தப் பாத்துட்டு டவர நட்டுட்டீக. ஆடியில வந்து பாத்திருந்தாத் தெரியும்ல!"

உண்மைதான். நாம் கண்ணாடி காட்டிய மாதத்தில் தோட்டத்து நிழல்மரங்கள் இலை உதிர்த்து நின்றன. வெயில் கிளைகளுக்கு நடுவே சுலபமாகப் புகுந்து வந்தது. அதைப் பார்த்துப் பாதை திறந்திருக்கிறது என்று எழுதினோம். மழைக்கு மரங்கள் தழைத்துவிட்டன. இலை நனைந்தால் அந்தச் சின்ன அலையை விழுங்கிவிடும். தோட்டத்தில் மரத்துக்குத் தலைமயிர் உண்டு என்பதை மலையில் வேலை பார்க்கிற நாம் இருவரும் மறந்துபோனோம்.

"இலைங்க தண்ணி குடிச்சுப்போட்டுப் படுத்திருக்குதுங்க எம்மெஸ்ஸி. நம்ம பேச்சையும் சேத்துக் குடிக்குது."

மரத்தை வெட்ட முடியாது. வனத்துறைக்கு எழுதி, காத்திருந்து, அதெல்லாம் அடுத்த வருடத்து வேலை. கங்காணியிடம் சொல்லி, குறுக்கே நின்ற கிளைகளை மட்டும் கழிக்கச் செய்தீர்கள். மழையில் நனைந்துகொண்டே கீழே நின்று, எது எது என்று கை காட்டினீர்கள். ஒரு நாள் முழுக்க. மறுநாளும்.

இரைச்சல் குறைந்தது. பாதை அறுபடாமல் நின்றது. உங்களுக்குச் சளி பிடித்தது.

*

ஆடி. மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பஸ் இல்லை. பேச்சு மட்டும் மலை தாண்டிக்கொண்டிருந்தது.

ஒரு காலை உங்கள் குரல் தாழ்ந்து வந்தது.

"மீட்டர் சொல்லுங்க."

சொன்னேன். வரும் அலை நல்ல அளவு. "என்ன அண்ணா, சத்தமே இல்லையே?"

"இலைங்க. மறுக்கா தண்ணி குடிச்சிருச்சு."

"சரி" என்றேன். ரிசீவரை வைத்தேன். உடனே திரும்ப எடுத்தேன்.

நம் கருவியின் குணம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அலை மெலிந்தால் அதில் குரல் மெலியாது. குரல் தன் அளவிலேயே நிற்கும். இரைச்சல்தான் ஏறிவந்து அதை மூடும். இலை குடித்திருந்தால் எனக்கு அரிசி களைகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கிணற்றுக்குள் இருப்பதுபோல் அமைதி. அந்த அமைதிக்குள் உங்கள் குரல் மட்டும் சின்னதாக.

"எரைச்சல் எங்கே அண்ணா?"

ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினேன்.

"இலைன்னா எரைச்சல் வரணுமே. எனக்குக் கேக்கலையே."

பிறகு வந்தது.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

பல்லிடுக்கில் காற்றை விட்டு நீங்களே இரைந்தீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அது நிற்கவில்லை. முள் துடித்துத் துடித்து விழுந்தது. நான் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பிடிப்பதால் உங்களைப் பிடிக்க முடியும் என்பதுபோல.

"எத்தனை நாளா?"

"கெளை கழிச்ச அன்னீலிருந்துங்க. காய்ச்சல்தான். மாத்தர போட்டிருக்கேன்."

"நான் இன்ஜினியர்கிட்டே சொல்லப் போறேன்."

"வேண்டாமுங்க."

"அண்ணா."

"வேண்டாஞ்சாமி. ஆவணி வந்துருச்சுன்னா முடிஞ்சது. எறங்குனா வேற ஆளு வந்துருவாங்க. எனக்குப் புள்ளையப் பாக்கோணும். பாத்துட்டு ஆஸ்பத்திரியில எத்தன நாளுனாலும் படுத்துக்கறேன்."

நீங்கள் என்னிடம் கெஞ்சியது அந்த ஒருமுறைதான். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சேனலைத் திறந்தபடி விட்டுவிட்டு, இன்னொரு சேனலில் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் உடனே போடியிலிருந்து ஜீப் அனுப்பினார். மலைப்பாதையில் மண்சரிவுக்குக் கீழே அது வந்து நிற்கும். அதுவரை உங்களைத் தூக்கிவர ஆள் வேண்டும். உங்கள் பக்கத்து எஸ்டேட் ஆபீஸைக் கூப்பிட்டேன். அவர்கள் போன் எனக்கு உங்கள் டவர் வழியாகத்தான் வரும். உங்களைத் தூக்க ஆள் கேட்ட என் குரல் உங்கள் தலைக்கு மேல் இருந்த கருவிக்குள் போய்த்தான் அவர்களை அடைந்தது. நீங்கள் அதைக் கேட்டீர்களா, தெரியாது.

*

மற்றதெல்லாம் நான் காதால் பார்த்தேன்.

தகரத்தின் மேல் மழை. கதவு. பல கால்கள். கங்காணியின் குரல்.

"என்ன சார் இது, இப்பிடிக் கெடக்கீக? ஸ்டோருக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"மழை பேஞ்சுதுங்க. அதான்."

"மழைக்குப் பயந்தா மலையில இருக்க முடியுமா? ஏலே, நாற்காலிய இந்தப் பக்கம் கொண்டா. கம்பளிய அவருக்குப் போர்த்து, நாற்காலிக்கு இல்ல. சார், கைய எந்தோள்ல போடுங்க."

"ஒரு நிமிசமுங்க."

வைக்காமலே கிடந்த ரிசீவரை எடுத்தீர்கள். மூச்சு மிக அருகில் கேட்டது.

"சொல்லிப்போட்டீங்க."

"சொன்னேன் அண்ணா."

கோபத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"சரி. சேனல மூடிப்போடாதீங்க. டெஸ்ட் ஓடட்டும்."

ரிசீவரை நீங்கள் அதன் இடத்தில் வைக்கவில்லை. மேசை மேல் வைத்தீர்கள். அதனால் எல்லாம் வந்தது. நாற்காலி கதவு நிலையில் இடித்தது. ஒருவர் வைதார், இன்னொருவர் சிரித்தார். பிறகு கால்கள் இறங்கிப் போயின. பிறகு மழை மட்டும்.

அந்த அறையை நான் அன்று மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் எதுவோ தணிகிற சத்தம். ஒரு சொட்டு, பாத்திரத்தில். நீங்கள் இல்லாத அறை, துல்லியமாக. அந்த மழைக்காலத்திலேயே பாதை அன்றுதான் மிகச் சுத்தமாக இருந்தது.

*

சரிவைக் கால்நடையாகக் கடந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் உங்களிடம் வந்து சேர்ந்தேன். கீழே போடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கட்டிலருகே உட்கார்ந்தேன். உங்கள் குரல் ரிசீவரில் வந்த அதே அளவில் வந்தது. நடுவில் மலை இல்லை, இலை இல்லை. அதே அளவு. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"பாதை நிக்குதுங்களா?"

"நிக்கறது அண்ணா."

"எரைச்சல்?"

"துளி இல்லே."

"அப்பச் சரி." கண்ணை மூடிக்கொண்டீர்கள். "ஆளில்லாமயே நிக்குதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

உங்கள் மனைவி குழந்தையோடு பொள்ளாச்சி வழியாகப் பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள். குழந்தை விழித்திருந்தது. அது உங்களைப் பார்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அறையிலேயே போயிருப்பீர்கள். சொன்னதால் ஆஸ்பத்திரியில் போனீர்கள். இந்த வித்தியாசத்தை எந்த அளவில் அளப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாதை ஆவணி முடிய நின்றது. ஆள் இல்லாமலே.

*

நல்லேப்பிள்ளிக்கு ஒருமுறை போனேன். தையில். அறுத்த வயல்களுக்கு நடுவே உங்கள் வீடு. உங்கள் சவரக் கண்ணாடி சுவரில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கியது. உங்கள் மனைவி மோர் கொடுத்தார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

"தெனமும் பேசிக்குவீங்களாமா. என்னதானுங்க பேசுவீங்க?"

"மீட்டர் சொல்வோம்."

அவர் காத்திருந்தார். என்னிடம் வேறு எதுவும் இல்லை. இருந்தது, வாயில் வரவில்லை. கடைசியில், "பார்த்தால்தான் பேசும்னு சொல்வார், எங்க கருவியை" என்றேன்.

அவர் கண்ணாடி இருந்த சுவரைப் பார்த்தார்.

"அது என்றகிட்டச் சொன்னதுங்க. கண்ணாலத்துக்கு முன்னால, அம்புட்டுத் தூரத்துல இருக்கீங்க, ஒரு கடுதாசி போடக்கூடாதான்னு கேட்டேன். எனக்குப் பாத்தாத்தான் பேச்சு வருமுன்னாரு. பஸ்ஸேறி வந்து நின்னாரு. வந்தும் ஒண்ணும் பேசல."

முதல்முறையாகச் சிரித்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

*

இன்று சாமான் பெட்டி வந்த சற்று நேரத்தில் எனக்கு ஒரு ட்ரங்க் கால். கல்பாத்தியிலிருந்து அம்மா. வழக்கமான கேள்விகள். சாப்பிட்டாயா. குளிர் எப்படி. குரல் தாழ்ந்திருந்தது.

"என்னம்மா, சத்தமே இல்லே?"

"ஒண்ணும் இல்லேடா. லைன் செரியில்லே."

கையில் உங்கள் ரிசீவர் இருந்தது. ஏலக்காய் வாசனையோடு.

பாலக்காட்டிலிருந்து வருகிற பேச்சு பாதி வழி இன்னும் பழைய கம்பியில்தான் வருகிறது. கம்பியில் குரல் நிஜமாகவே மெலியும். தூரம் போகப் போக மெலிவது அதன் குணம். அம்மா சொன்னது உண்மையாக இருக்கலாம். நம் பாதையில் என்றால் இரைச்சலை வைத்துக் கண்டுபிடித்திருப்பேன். கம்பியில் கண்டுபிடிக்க வழியில்லை.

நீங்கள் போன பிறகு யார் குரல் தாழ்ந்தாலும் முதலில் நான் இரைச்சலைத் தேடுகிறேன். அது இருந்தால் நிம்மதி. குறை பாதையில்தான். இல்லாவிட்டால் நேரில் போகச் செருப்பைத் தேடுகிறேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபோதும் செருப்பைத்தான் தேடுகிறேன். பலமுறை வீணாகப் போயிருக்கிறேன். போன இடத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்கள். எனக்குப் பேச்சு வருவதில்லை.

அம்மாவைப் பார்க்க லீவு சொல்லிவிட்டேன். உங்கள் ரிசீவரை இலாகா ஸ்டோரில் சேர்க்கவில்லை. வைக்கோலை உதறி, என் மேசையில் வைத்திருக்கிறேன்.

மாலை பஸ் போடிமெட்டு வழியாகத்தான் போகும். டவர் தெரியும் ஜன்னல் பக்கம் உட்காருவேன்.